கால் கூடுகிற வரைக்கும் மண்டோர்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஜம்பக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கடலுக்குப் போகாமலே மீன் கதை சொல்கிறவர்கள், இன்னும் வாங்காத காரின் கலருக்காகப் பெண்டாட்டியோடு சண்டை போடுகிறவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் மண்டோருக்கு முன்னால் அவர்களெல்லாம் கைக்குழந்தைகள். தன் நிழல் தனக்கு முன்னால் விழுந்தால்கூட, "ஏய், யாரைக் கேட்டு முன்னாடி போற?" என்று அதட்டுகிற ஆள் அவர்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. கேட்டாலும், "மண்டோர்னு சொல்லுங்க, போதும்" என்பார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிக்கு எங்கள் பக்கம் மண்டோர் என்று பேர். எந்தத் தோட்டத்தில் மண்டோர், எவ்வளவு காலம் மண்டோர் என்று கேட்டால் மட்டும் மனிதருக்கு உடனே இருமல் வந்துவிடும்.

அந்த இருமலின் ரகசியத்தைப் பாசாரில் காய் வாங்கும்போது அவர் தோட்டத்து அம்மா ஒருத்தி எனக்குச் சொன்னாள். அசல் மண்டோர் மேல் செம்பனைக் குலை விழுந்து கால் ஒடிந்துவிட்டதாம். அந்தக் கால் கூடுகிற வரைக்கும் இவரை அந்த இடத்தில் நிறுத்தி வைத்தார்களாம். கால் கூடியது. அசல் மண்டோர் வந்து கம்பை வாங்கிக்கொண்டு, இவரைப் பழையபடி குலை வெட்ட அனுப்பிவிட்டார். கம்பைத்தான் வாங்கினார்கள். குரலைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள்.

அந்தக் குரலோடுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தார்.

எங்கள் வீடு என்று நான் சொல்வது புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருக்கிற ஒரு பழைய பங்களா. மனநோய் வந்து, ஆஸ்பத்திரியில் இருக்கத் தேவையில்லாமல், சொந்த வீட்டுக்கும் போக முடியாமல் இருக்கிறவர்கள் தங்கும் இடம். எல்லாரும் வயது வந்தவர்கள். அவர்களோடு கூடவே இருப்பதுதான் எங்கள் வேலை. குளித்தார்களா, சாப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச வந்தால் கேட்க வேண்டும். பேச வராவிட்டால் சும்மா விட வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம். எனக்கு அது சுலபமாக வந்தது, ஏனென்றால் நான் பிறந்ததிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். மண்டோருக்கு அந்த வேலை செத்தாலும் வராது.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். சிஸ்டர் என்போம். ஆண்களைக் கவனிக்கவும் வேன் ஓட்டவும் ஆள் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது மண்டோர் வந்து நின்றார். காக்கி அரைக்கால் சட்டை, முட்டி வரைக்கும் காலுறை, கையில் கம்பு.

சிஸ்டர் முதலில் கம்பைப் பார்த்தார். "இங்க கம்பெல்லாம் கூடாது."

"சரிங்க துரை" என்று சலாம் வைத்தார் மண்டோர்.

"நான் துரை இல்ல. சிஸ்டர்."

"சரிங்க துரை."

கம்பு போனது. மறுநாள் குடை வந்தது. மழையா வெயிலா என்றெல்லாம் இல்லை, கையில் நீளமாக ஏதாவது இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். குடையையும் சிஸ்டர் வாங்கி வைத்தபோது, என் சமையலறைக்குள் புகுந்து அகப்பையை எடுத்துக்கொண்டு போனார். சாம்பார் கொதிக்கிறது, அகப்பையைக் காணோம். வெளியே எட்டிப் பார்த்தால் வாசலில் நிற்கிறார், அகப்பையை நீட்டிக்கொண்டு.

பெரட்டு நடத்துகிறார்!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இருட்டு விலகுகிறதுக்கு முன்னால் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். மண்டோர் பேர் கூப்பிடுவார், யார் யாருக்கு எங்கே வேலை என்று சொல்லுவார். தாமதமாக வந்தால் வாயில் வந்ததெல்லாம் சொல்லுவார். அந்தக் களமும் போய், மரமும் போய், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன. நாங்களும் நிம்மதி என்று இருந்தோம். இந்த மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்குகிறார்.

சிஸ்டர் ஓடி வந்தார். "மண்டோர், இவங்க யாரும் கூலி இல்ல. இப்படி நிக்க வைக்கக் கூடாது."

"நான் எங்கங்க துரை நிக்க வச்சேன்? அவங்களா வந்தாங்க."

அதுதான் எனக்கு எரிச்சல். அது பொய்யில்லை. ஒருவரையும் அவர் இழுத்து வரவில்லை. வீட்டில் காலையில் வேறு வேடிக்கை இல்லாததால் அவர்களாகவே தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்கள். நின்றவர்களில் கோபால் என்பவர் உண்மையிலேயே ஒரு காலத்தில் தோட்டத்து கிராணி. ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதினவர். நோய் வந்த பிறகு அதிகம் சிரிக்காதவர். மண்டோர் கத்தி முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்:

"மண்டோரே, எனக்கு மனசுதான் சரியில்ல. காது நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மெல்லப் பேசுங்க லா."

வாசலே சிரித்தது. மண்டோர் முகம் கறுத்தது. அன்று சாயங்காலம் கோபால் பழைய கிராணி என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து மண்டோர் கோபாலைப் பார்த்தால் உடம்பை நெளித்து, "கிராணி ஐயா, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று குழைகிறார். கோபாலும் லேசுப்பட்டவர் இல்லை. "மண்டோர், அந்தப் பேப்பரை எடு. மண்டோர், அந்த ஃபேனைக் குறை." சம்பளம் வாங்குகிறவரை நோயாளி வேலை வாங்கின வீடு இந்த நாட்டிலேயே எங்கள் வீடு ஒன்றுதான் இருக்கும்.

தோட்டம் போட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் பயிற்றங்காய் நடுவதற்குக் கயிறு கட்டினார். கயிறு கட்டியது அவர். முளை அடித்தது அவர். செடி வந்த பிறகு பார்த்தால் வரிசை பாம்பு மாதிரி போகிறது. "யார் இந்த நிரை போட்டது? கோணலா இருக்கே! கண்ணு எங்க வச்சிருந்தீங்க?" என்று எல்லாரையும் திட்டினார். என்னையும் சேர்த்துத் திட்டினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு மண்டோர்களையே பிடிக்காது. அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். மழை வந்து வேலை பாதியில் நின்றால் அரைப் பேர். என் அம்மா காய்ச்சலோடு வேலைக்காட்டில் உட்கார்ந்துவிட்ட ஒரு நாள், செய்த பாதி வேலைக்கு அரைப் பேராவது போடச் சொல்லிக் கெஞ்சினாள். "உக்காந்திருக்கறதுக்கெல்லாம் பேரா?" என்றான் எங்கள் மண்டோர். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த மனிதரோ அரைப் பேரைப் பொரி மாதிரி அள்ளி வீசினார். அதுவும் எனக்குக் கோபம்தான்.

எங்கள் வீட்டில் அமலோர்பவம் என்று ஒருத்தி. அமலு என்போம். நாற்பது வயதைத் தாண்டியவள். காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருக்கிற நோய் அவளுக்கு. மருந்தும் ஊசியும் ஒழுங்காகப் போவதால் அந்தப் பேச்சு இப்போது தூரத்துக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி மாதிரி, இருக்கிறது, ஆனால் தொந்தரவில்லை என்பாள். ஆனாலும் சில நாள் கட்டிலை விட்டு எழ முடியாது. அப்போது யார் கூப்பிட்டாலும் போர்வைக்குள் போய்விடுவாள். மண்டோர் அவள் கதவுக்கு வெளியே நின்று கத்துவார்:

"அமலோர்பவம்! இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

ரொம்ப நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து, "அரை."

"சரி. அரைப் பேர். மழை நாளு." அவ்வளவுதான், போய்விடுவார்.

மத்தியானம் அவள் எழுந்து வந்து தட்டைக் கழுவி வைப்பாள். பாதி நாளுக்கு உண்டான வேலையை முடித்த மாதிரி முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். சிஸ்டர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். நான்தான் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். எந்த மண்டோர் போடாத பேரை எந்த மண்டோர் வந்து போடுகிறான் பார் என்று.

இவ்வளவு வீரம் பேசுகிறவர் ஊசியைப் பார்த்தால் என்ன ஆவார் என்பதையும் கேளுங்கள்.

மாதாமாதம் ஊசி போட நாலைந்து பேரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவோம். முதல் தடவை மண்டோரும் உள்ளே வந்தார். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று எல்லாருக்கும் தைரியம் சொன்னார். நர்ஸ் ஊசி மருந்தை ஏற்றி, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பொத்தென்று ஒரு சத்தம். மண்டோர் தரையில். ஊசி போட வந்தவர்கள்தான் அவரைத் தூக்கிப் பெஞ்சில் போட்டார்கள். அமலு தண்ணீர் தெளித்தாள். கோபால் பேப்பரால் விசிறினார்.

அந்த நர்ஸ் இடத்துக்குப் புதிது. "இவருக்கு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கோபாலிடம் கேட்டாள்.

கோபால் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. "ரொம்ப நாளா லா மிஸ்ஸி. தன்னை மண்டோர்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நாங்களும் எதுத்துப் பேசறதில்ல, பாவம்."

"மருந்து ஒழுங்கா சாப்பிடறாரா?"

"எங்க சாப்பிடறாரு."

அந்தப் பெண் பரிதாபமாகத் தலையாட்டினாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்ததில்லை. மண்டோருக்கு மயக்கம் தெளிந்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா? "எல்லாம் வரிசையா நில்லுங்க" என்றார். நர்ஸ் கோபாலைப் பார்த்து, "நீங்க சொன்னது சரிதான்" என்றாள்.

இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் அமலுவைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போக வேண்டி வந்தது.

அமலுவின் அண்ணன் அந்தோணி, பத்தாங் காலியில் இருக்கிறார். அவருக்கு ஒரே மகள், ஜெனிபர். அந்தோணியும் அவர் மனைவியும் ஃபாக்டரியில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்த காலத்தில் அந்தப் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அமலு. பிள்ளை ஸ்கூல் வேன் ஏறுகிறதுக்கு முன்னால் தினமும் அதன் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டுத்தான் அனுப்புவாளாம். பிறகு நோய் வந்தது. ஒரு நாள் மாதா கோயிலில் பூசை நேரத்தில் எழுந்து கத்திவிட்டாள். ஊர் பேசியது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு எங்கள் வீடு.

ஜெனிபருக்குக் கல்யாணம் என்று சொல்ல அந்தோணி வந்தார். நல்ல மனிதர்தான். சிஸ்டர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கார் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அமலுவைக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர். ஆனா பின்னாடி மேசையில உக்காரட்டும். மேடைக்கு வேணாம். மாப்பிள்ள வீட்டுல நாங்க ஒண்ணும் சொல்லிக்கல."

"என்ன சொல்லிக்கல?"

அவர் சாவியைப் பார்த்தார். "இப்படி ஒரு தங்கச்சி இருக்கறத."

அமலு கதவுக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அரைப் பேர்கூடக் கேட்கவில்லை, படுத்தவள் படுத்தவள்தான். இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "அக்கா, போட்டோவெல்லாம் எனக்கு வேணாம். ஜெனிபர் நெத்தியில ஒரு சிலுவை போடணும். அது மட்டும் போதும்" என்றாள்.

சிஸ்டர் யோசித்தார். "அண்ணன் சொன்னதை மீறி நாம எதுவும் செய்ய முடியாது. பொண்ணு மாப்பிள்ள மேசை மேசையா வருவாங்கதான? அப்ப போட்டுக்கோ அமலு."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மேசைக்கு வரும்போது போட்டுக்கொள்ளலாம். கல்யாணம் வரைக்கும் அவள் கட்டிலில் தங்கவில்லை. தினமும் முழுப் பேர்.

மண்டோரிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்கு அவரிடம் பேசவே கூச்சம், ஆனாலும் சொன்னேன். "அண்ணே, அங்க மேடைப் பக்கம் யாரும் போகக் கூடாதாம். பின்னாடியே உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துடணும்."

"சரி சரி. கோட்டு போடணுமா?" என்றார். அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

கோட்டு வந்தது. அவர் மருமகன் ஏதோ கட்டடத்தில் காவல் மேற்பார்வையாளராம், அவனுடைய கோட்டு. கருநீலம், தங்கக் கலர் பொத்தான்கள். தோளில் பட்டையைப் பிய்த்த இடத்தில் நூல் தொங்கியது. தலைக்கு எண்ணெய் வைத்து, மீசையை முறுக்கி, வேனை ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், இந்தத் தோட்டத்தில் இன்னார் மண்டோர், அந்தத் தோட்டத்தில் அன்னார் மண்டோர், அவர்களெல்லாம் தன்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள் என்று ஒரே அளப்பு. அமலு பின்னால் உட்கார்ந்து கட்டை விரலைத் தடவிக்கொண்டே வந்தாள். மருந்தினால் அவளுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். "கோணலாப் போட்டுடுவேனாக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். "உன் கை நடுங்குறது கர்த்தருக்குத் தெரியாதா" என்றேன். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், ஆனாலும் அந்த நேரத்துக்கு வேறு என்ன சொல்ல.

மண்டபத்தில் மத்தியான விருந்து. எங்களுக்குக் கடைசி மேசை. ஒரு பக்கம் சமையல் கதவு, இன்னொரு பக்கம் கழிவறைக் கதவு. அங்கிருந்து மேடையைப் பார்த்தால் ஜெனிபர் வெள்ளைப் பொட்டு மாதிரி தெரிந்தாள்.

மண்டோருக்குச் சோறு இறங்கவில்லை. "மண்டோருக்குக் கடைசி மேசையா?" என்று என்னைக் கேட்டார். "எங்க தோட்டத்துல கல்யாணம்னா முத நாற்காலி யாருக்கு? மண்டோருக்கு. முதல்ல மேடை ஏறி ஆசீர்வாதம் பண்றது யாரு? மண்டோர். நாங்க ஏறி எறங்குனாத்தான் மத்தவன் ஏறுவான்."

"பேசாம சாப்பிடுங்கண்ணே" என்றேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையிலிருந்து இறங்கி மேசை மேசையாக வந்தார்கள். அமலு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையில் யாரோ பெரியவர் பிடித்துக்கொண்டு பேசினார். அதற்குள் மைக்கில், "மணமக்கள் மேடைக்கு வரவும், கேக் வெட்டும் நேரம்" என்று கூப்பிட்டுவிட்டார்கள். இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள். மறுபடி இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

அமலு நின்றுகொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். "பரவால்லக்கா" என்றாள். சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து போய் அந்தோணியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லலாம்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்து போக என் கால் எழவில்லை.

மைக்காரர், "இப்போது பெரியவர்கள் வந்து மணமக்களை வாழ்த்தலாம்" என்றார்.

நாற்காலி கிரீச்சென்றது. மண்டோர் எழுந்துவிட்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டு, களத்தில் கூப்பிடுகிற குரலில், "அமலோர்பவம்! வா, போவோம். நம்ம ஆளுங்க போகாம எப்படி?" என்றார்.

நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஒரு பொத்தான் என் கையோடு வந்ததுதான் மிச்சம். அவர் நடக்கிறார், அவருக்குப் பின்னால் அமலு நடக்கிறாள். தினமும் அந்தக் குரலுக்கு எழுந்து வருகிறவள், இன்றைக்கும் எழுந்துவிட்டாள். நான் பொத்தானை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், கூட்டம் வழி விடுகிறது! கருநீலக் கோட்டு, முறுக்கின மீசை, அந்த நடை. பக்கத்து மேசையில் ஒருவர், "யாரு, பட்டம் வாங்குன டத்தோவா?" என்று கேட்டார். "மாப்பிள்ள வீட்டுப் பெரிய ஆளு போல" என்றார் இன்னொருவர். முன் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டுப் பெரிய ஆள் என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார்கள். மைக்காரர் ஒரு படி மேலே போய், "நமது சிறப்பு விருந்தினர் மேடைக்கு வருகிறார்" என்று சொல்லிவிட்டார். யாருக்கோ வாங்கி வைத்திருந்த பொன்னாடை மண்டோர் தோளில் ஏறியது. அவர் அதை, ஏன் இவ்வளவு தாமதம் என்கிற முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

அந்தோணி மேடை ஓரத்தில் நின்றார். முகம் வெளுத்துவிட்டதாம், இதெல்லாம் பிறகு அமலு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சம்பந்தி கும்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளை அவர் எப்படி இறக்குவார்?

மண்டோர் மாப்பிள்ளை தலையில் கையை வைத்து, கிறிஸ்தவக் கல்யாணம் என்ற நினைப்பே இல்லாமல், "முருகன் துணை! பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்!" என்று மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். மாப்பிள்ளையின் அம்மா அவருக்குப் பின்னால் நின்ற அமலுவைப் பார்த்தாள். "இவங்க?" என்று கேட்டாள்.

அந்தோணி கார் சாவியைத் திருகினாராம்.

ஜெனிபர்தான் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் கடைசி மேசை வரைக்கும் எனக்குக் கேட்டது. "எங்க அத்தை. என்னை வளர்த்தது இவங்கதான்." சொல்லிவிட்டு, கிரீடமும் பூவுமாக இருந்த தலையை அமலு முன்னால் குனிந்தாள்.

அமலு கையைத் தூக்கினாள். அது நடுங்கியது. ஜெனிபர் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துத் தன் நெற்றிக்குக் கொண்டு போனாள். நேராகத்தான் போட்டாள் அமலு. அந்தச் சமயத்தில்தான் போட்டோக்காரர் எடுத்தார்.

திரும்புகிற நேரத்தில் வேனுக்குப் பக்கத்தில் அந்தோணி வந்தார். "யாரைக் கேட்டு மேடை ஏறுனீங்க?" என்று மண்டோரைப் பிடித்தார். குரல் கோபமாக இருந்தது, கண் கோபமாக இல்லை.

மண்டோருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "யாரைக் கேக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார். "நீங்கதான் என்னை வந்து கூப்பிட்டிருக்கணும். போகட்டும், இந்த ஒரு தடவை விடறேன்."

அமலு அண்ணன் கையைத் தொட்டாள். "அண்ணே, ஜெனிபர் நெத்தி சுடுது. காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல போல. தண்ணி குடுக்கச் சொல்லு."

அந்தோணி "சரிம்மா" என்றார். பிரியாணிப் பொட்டலங்களைக் கொண்டு வந்து வேனில் வைத்தார். வைத்த பிறகும் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அமலுவைப் பூசைக்கு அழைத்துப் போகிறார்.

வழியில் நான் மண்டோரிடம் கேட்டேன். "அண்ணே, அமலுவுக்காகத்தானே போனீங்க?"

"எந்த அமலுவுக்காக? மண்டோர் தனியா மேடை ஏறுனா நல்லா இருக்குமா? பின்னாடி ஆள் வேணாமா?" என்றார். பொன்னாடையை மடித்து முன் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார், எதிரில் வருகிற லோரிக்காரர்கள் பார்க்கட்டும் என்று.

ஆகவே, அவர் பெரிய மனது வைத்து இதைச் செய்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறும் ஜம்பம். ஜம்பத்தைத் தவிர அந்த மண்டைக்குள் வேறொன்றும் குடியிருந்ததில்லை. அதற்கு நான் சாட்சி.

முட்டி வலி அதிகமாகி வேன் ஓட்ட முடியாமல் போனதும், மகள் வந்து அவரைச் சுங்கை பெசாருக்கு அழைத்துப் போய்விட்டாள். வீட்டைச் சுற்றி நெல் வயலாம். வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொக்குகளை வரிசையாக நிற்கச் சொல்லித் திட்டுகிறார் என்று கேள்வி. கொக்குகள் கேட்காது. கேட்டாலும் ஆச்சரியமில்லை.

அவர் போன பிறகுதான் ஜெனிபர் அந்தப் போட்டோவைச் சிஸ்டரின் போனுக்கு அனுப்பினாள். அமலுவின் அறையில் மாட்டப் பெரிதாகப் போட்டு வா என்று சிஸ்டர் என்னை அனுப்பினார். டவுனில் ஒரு சீனர் கடை. அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். அமலு கை ஜெனிபர் நெற்றியில் இருக்கிறது, நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் பாதிப் படத்துக்கு மண்டோர்தான். கோட்டும் பொன்னாடையுமாக நெஞ்சை நிமிர்த்தி, மாப்பிள்ளையின் முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளைக்கு ஒரு காது மட்டும் தெரிகிறது.

கடைக்காரர் மலாயில் சொன்னார், இந்த ஆளை வெட்டிவிட்டால் படம் அழகாக இருக்கும், ஒரு நிமிட வேலை என்று. நியாயம்தான். வெட்டலாம்தான்.

"வேணாம்" என்றேன். "இருக்கட்டும்."

"யாரு, உன் புருசனா?" என்று கேட்டார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டுவிட்டது. இந்த வாயாடிக்கு நான் பெண்டாட்டியாம்! முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை, அப்புறம் யார் என்று கேட்டார்.

"எங்க மண்டோர்" என்றேன்.